உப்பில் ஊறிய கப்பல்

நெல்லித்தோப்பில் ஒரு மழை ராத்திரி மின்சாரம் போய்விட்டால் என்ன செய்கிறோம்? தீப்பெட்டியைத் தேடுகிறோம், விசிறியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து உட்காருகிறோம். அதோடு சரி. நடுக்கடலில் சண்டை நடக்கும்போது ஒரு போர்க்கப்பலில் மின்சாரம் போனால்? பீரங்கி மேடை திரும்பாது. உள்ளே புகுந்த தண்ணீரை இறைக்கும் பம்பு ஓடாது. கும்மிருட்டில் ஆயிரம் பேர்!

இந்தத் தலைவலியை விலை கொடுத்து வாங்கிக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். ஹைமன் ரிக்கோவர் என்று பெயர். போலந்தில் ஒரு யூதத் தையற்காரரின் பிள்ளை. சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்தவர். 1922-ல் கடற்படைக் கல்லூரியில் தேறி, பிறகு கொலம்பியா சர்வகலாசாலையில் மின்சாரப் பொறியியல் படித்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்கக் கடற்படையின் கப்பல் இலாகாவில் மின்சாரப் பகுதிக்குத் தலைவர்.

அடிபட்ட கப்பல்களைப் பற்றி வந்த அறிக்கைகளை மனிதர் விடாமல் படித்தார். விசித்திரமான சங்கதிகள் தெரிந்தன. குண்டு கப்பல் மேல் விழவே வேண்டாம். பக்கத்துத் தண்ணீரில் வெடித்தாலே போதும், அந்த அதிர்ச்சியில் சுவிட்சுகள் தாமாகத் திறந்துகொண்டு மின்சாரம் நின்றுவிடும். இன்னொன்று: திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, கேபிளின் உள்ளே ஊர்ந்து தண்ணீர் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போய்விடும். சுவர் பத்திரமாக இருந்து என்ன பயன்? அதிர்ச்சிக்கு அசையாத சுவிட்சும் தண்ணீர் ஒழுகாத கேபிளும் வேண்டும் என்று தொழிற்சாலைக்காரர்களைப் பிடித்து உலுக்கினார். அவருடைய வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு.

1941-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி பேர்ல் துறைமுகத்தில் 'கலிபோர்னியா' என்ற பெரிய போர்க்கப்பல் அடிபட்டு, மூன்று நாளில் மெல்ல மெல்லச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. சுமார் 100 பேர் மாண்டார்கள். அடுத்த மார்ச்சில் அதை மிதக்க வைத்தார்கள். ஆனால் அந்தக் கப்பலின் சுழல் விசிறிகளைத் திருப்புவதே மின்சார மோட்டார்கள்தான். அவை மாதக்கணக்கில் கடலில் ஊறியிருந்தன! தண்ணீர் காய்ந்தாலும் உப்பு விடாது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்தைக் கசிய விடும். நம் சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் என்ன பாடு படுகிறது என்று உங்களுக்குத் தெரியாதா?

ரிக்கோவர் அங்கே போய் இறங்கினார். அழுக்கையும் உப்பையும் போக்கி, உலர்த்தி, கெட்ட சுருள்களைப் புதிதாகச் சுற்றும் வேலையை முடுக்கினார். கலிபோர்னியா யாரும் கட்டி இழுக்காமல், தன் சொந்தச் சக்தியிலேயே பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. 1944 அக்டோபரில் சூரிகாவோ ஜலசந்திச் சண்டையில் அதன் பீரங்கிகள் மறுபடியும் முழங்கின.

அணுசக்தி நீர்மூழ்கி 'நாட்டிலஸ்' 1955-ல் கடலில் இறங்கி ஓடியதும் இவர் பிடிவாதத்தால்தான். உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கென்னவோ அந்தச் சுவிட்சுகள்மேல்தான் மதிப்பு அதிகம்.

நம் கடற்படையிலும் மின்சாரத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஜாம்நகரில் 'வல்சுரா' என்ற பயிற்சி நிலையம் இருக்கிறது. கொச்சியில் கட்டி 2022-ல் படையில் சேர்ந்த 'விக்ராந்த்' கப்பலுக்குள் ஓடும் கேபிள் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய சென்னையிலிருந்து டில்லிக்கு ரயில் போகிற தூரம்!