தறிக்கு ஜக்கார்டு, ஸ்பீக்கருக்கு டி.ஏ.சி.

ஆரணிப் பட்டுச் சேலையின் முந்தானையில் மயில் விரிவதற்குக் காரணம், தறிக்கு மேலே தொங்கும் துளை போட்ட அட்டைகள். அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி பாவு நூலைத் தூக்கும். இல்லாவிட்டால் நூல் அப்படியே கிடக்கும். பிரான்ஸில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது.

கம்ப்யூட்டரில் பாட்டு இருப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். எல்லாம் 1, 0. சி.டி. தரத்தில் நொடிக்கு 44,100 முறை ஒலியின் அளவு எண்ணாகப் பதிவாகிறது. ஒவ்வோர் அளவையும் குறிக்க 65,536 படிகள். ஆனால் ஸ்பீக்கருக்கு எண் புரியாது. ஏறி இறங்கும் மின்சார அலைதான் வேண்டும். எண்ணை அலையாக மாற்றித் தருவதுதான் டி.ஏ.சி.

சில நூறு ரூபாயில் தொடங்கி லட்சம் ரூபாய் வரை இது கிடைக்கிறது. பட்டனைத் தட்டி ஆர்டர் போடும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில், இது தேவையா? கம்ப்யூட்டருக்குள்ளும் போனுக்குள்ளும் ஏற்கெனவே ஒரு டி.ஏ.சி. உண்டு. ப்ளூடூத் ஸ்பீக்கரிலும், யு.எஸ்.பி. வழியாகவே பாட்டை வாங்கும் ஸ்பீக்கரிலும் அது உள்ளேயே இருக்கும். அவற்றுக்குத் தனியாக வாங்கினால் காசு வீண். ஆக்ஸ் ஒயரில் ஓடும் ஸ்பீக்கருக்குத்தான் இந்தக் கேள்வியே.

இரண்டாவது, ஒரு சோதனை. பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்ட வேண்டும். ‘உஸ்’ஸென்ற இரைச்சலோ, மவுஸை நகர்த்தினால் கீச்சென்ற சத்தமோ வருகிறதா? ஆக்ஸ் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கியதும் அது அடங்கினால், வெளியே வைக்கும் டி.ஏ.சி. பெரும்பாலும் உதவும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் நின்றால், கோளாறு மின் இணைப்பில் இருக்கலாம். முதலில் எர்த்தைச் சரிபார்ப்பதே மலிவான வைத்தியம். ஒயரைப் பிடுங்கியும் இரைச்சல் போகவில்லையென்றால், குறை ஸ்பீக்கரிலேயே இருக்கிறது.

மூன்றாவது, பெட்டி மேல் அச்சிட்ட 192, 384 போன்ற பெரிய எண்களுக்கு மயங்கக் கூடாது. மனிதக் காது அதிகபட்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு 44,100-ஏ போதும்.

நெசவாளர் வீடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. தறி ஓடும்போது மெல்லிய இரைச்சல் காதில் விழாது, டி.ஏ.சி.யின் அருமையும் தெரியாது. தறிச் சத்தத்தை மிஞ்சப் பாட்டைக் கூட்டினால் காதுக்குத்தான் கேடு. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. சத்தத்தைக் கூட்டுவதைவிட ஸ்பீக்கரைப் பக்கத்தில் நகர்த்தி வைப்பது மேல்.

கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால் முதலில் நல்ல ஸ்பீக்கர். டி.ஏ.சி. அப்புறம். அதையும் திருப்பித் தரும் வசதி உள்ள கடையில் வாங்கி, ராத்திரி தறி ஓய்ந்தபின் இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் தெரியாவிட்டால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.