வால் சிறகு செவர்லே, இரண்டே கியர்

1957 மாடல் செவர்லே பெல் ஏர் காரின் அழகு அதன் வால் சிறகுகளில். வேதனை கியரில். பல கார்களில் இருந்த பவர்கிளைடு ஆட்டோமேடிக் கியர்பாக்ஸில் முன்னே செல்ல இரண்டே கியர்கள்தான். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும்.

அதனால் அமெரிக்காவில் பலர், ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல்களில் அறிமுகப்படுத்திய 700ஆர்4 கியர்பாக்ஸைத் தேடிப்பிடித்துப் பொருத்துகிறார்கள். இதில் நான்கு கியர்கள். நான்காவதில் எஞ்சின் சுழற்சி 30 சதவீதம் குறைகிறது. காதுக்கும் நிம்மதி, பெட்ரோலும் மிச்சம்.

ஆனால் வெறும் ஸ்பேனர் வேலை அல்ல இது. கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளை மிகச் சரியாக இழுத்து வைக்க வேண்டும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறார்கள் என்பது கியர்பாக்ஸுக்குத் தெரிவது அதன் மூலம்தான். கேபிள் தளர்ந்திருந்தால் உள்ளே எண்ணெய் அழுத்தம் குறையும். கிளட்ச் வழுக்கிக் கருகும். புது கியர்பாக்ஸுக்கு அத்தோடு சமாதி.

சஸ்பென்ஷன் அவ்வளவு படுத்தாது. முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் லாரி போலப் பட்டைகள். தேய்ந்த ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினாலே தள்ளாட்டம் பெருமளவு அடங்கும்.

சரி, வேகமெடுக்கும் காரை நிறுத்துவது யார்? நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். ஒரு குழாய் உடைந்தால் மிதி பிரேக் நான்கு சக்கரத்திலும் போச்சு. மிஞ்சுவது கை பிரேக். இரட்டை அறை சிலிண்டருக்கு ஆகும் செலவு கியர்பாக்ஸோடு ஒப்பிட்டால் அற்பம். அதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

அசல் கெட்டுப்போனதாக முகம் சுளிப்பவர்களும் உண்டு. விவரமானவர்கள் கழற்றிய பவர்கிளைடைக் கொட்டகையில் பத்திரப்படுத்துகிறார்கள். விற்கும்போது வாங்குபவர் அதையும் கேட்பாரே!