தூண்டிலுக்கு 500 வெள்ளி; உயிருக்கு?

பள்ளி விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பியதும் நான் முதலில் எழுதச் சொல்வது ‘விடுமுறையில் ஒரு நாள்’ என்னும் கட்டுரையைத்தான். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், அப்பாவுடன் மீன்பிடிக்கச் சென்றதை எழுதியிருந்தான். 500 வெள்ளித் தூண்டில், பத்தடி நீளக் கரிம இழைக் கோல், ரீலின் வணிகப் பெயர் ஆகிய அனைத்தும் பிழையின்றி இருந்தன. சென்ற இடமோ பழைய ஈயக்குட்டை. “உயிர்க்காப்பு அங்கி அணிந்திருந்தாயா?” என்று கேட்டேன். “அது எதற்கு ஐயா? நாங்கள் படகில் போகவில்லையே!” என்றான்.

மாணவன்மேல் குற்றமில்லை. விலையைத் தரமென்று நம்பும் நம்மேல்தான் குற்றம்.

பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பத்தடிக் கோல் எதற்கு? கையாள முடியாமல் கை சலித்து, நண்பன் முகத்தருகே கொக்கியை வீசுவதற்கா? ஐந்தரை அல்லது ஆறடி நீளமுள்ள கண்ணாடியிழைக் கோல் போதும். அது விலை குறைவு. கல்லில் மோதினாலும் எளிதில் முறியாது. கரிம இழையோ மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. பிற்பகல் தோறும் இடி முழங்கும் நம் நாட்டில் இதனை எத்தனை பெற்றோர் எண்ணிப் பார்த்தனர்? கோல் எதுவாயினும், இடியோசை கேட்டால் அதனைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு அகல வேண்டும்.

சிறிய ரீல் ஒன்று, ஆறு முதல் எட்டுப் பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு, ஒரு மிதவை, எட்டு அல்லது பத்தாம் எண் கொக்கிகள் சில. திலாப்பியா பிடிக்க இவை போதும். சிறு கொக்கிகளில் எண் கூடக்கூட அளவு குறையும். பத்தாம் எண் எட்டாம் எண்ணைவிடச் சிறியது. கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். விரலில் ஏறினாலும் எளிதில் கழற்றலாம். சிறுமீனையும் அதிகக் காயமின்றி நீரில் விடலாம்.

ஈயக்குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்தே கற்கின்றனர். ஈயம் நஞ்சு. அன்னப் பறவைகள் அதனை விழுங்கி மடிந்ததால், பிரிட்டன் 1987ஆம் ஆண்டிலேயே சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. குறடு இருக்கப் பல் எதற்கு? அறுந்த நரம்பையும் கரையில் வீசாதீர்கள். அது மட்காமல் கிடந்து பறவைகளின் காலை இறுக்கும். ஒரு பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படி வாங்கினால் அந்த 500 வெள்ளியில் பெரும்பகுதி மீந்துவிடும். அதில் முதற்செலவு உயிர்க்காப்பு அங்கியாக இருக்கட்டும். பிள்ளையின் உடல் எடைக்குரியதைத் தேர்ந்தெடுங்கள். நீச்சல் அறியாதோர்க்கு 100 நியூட்டன் தரநிலை அங்கியேனும் வேண்டும். கால்களுக்கிடையே மாட்டும் வாரும் வேண்டும். பெரியவர் அங்கியை மாட்டிவிட்டால், நீரில் அங்கி மேலேறும். பிள்ளை கீழே நழுவும்.

“தோட்டத்தில் மூங்கில் கொம்பில் மீன் பிடித்தோமே, அங்கியா அணிந்தோம்?” என்று சிலர் கேட்பர். நாம் நின்றது முழங்காலளவு ஓடையில். ஈயக்குட்டையின் கரையோ திடீரென ஆழத்துக்குச் சரியும். மணலும் காலடியில் இடியும். அன்றியும், பிழைத்தவர்கள்தாமே இன்று கதை சொல்கிறோம்? மூழ்கியவர்கள் சொல்ல வருவதில்லையே!

ஆசிரிய நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு முன் வகுப்பில் ஐந்து நிமிடம் இதனைப் பேசுங்கள். பெற்றோர்களே, கடையில் கோலைத் தொடுமுன் அங்கியைக் கேளுங்கள். அதற்குப் பணம் போதவில்லையெனில், தூண்டிலை அடுத்த மாதம் வாங்கலாம். மீன்கள் காத்திருக்கும்.