அபே அரங்கில் கத்தியவர்கள் எல்லாம் முட்டாள்களா?

அயர்லாந்து நாடகம் பற்றிப் பேச்சு வந்தாலே, "கலை தெரியாத தேசியவாதக் கும்பல் சிஞ்சின் நாடகத்தில் கலாட்டா பண்ணியது" என்று முடித்துவிடுகிறார்கள். போன வாரம் ஹாஸ்டலில் நண்பன் ஒருவனும் இதையே சொன்னான். பெரிய வாக்குவாதம். மிச்சம் இங்கே. பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? சரி, டிக்கெட் விலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1904 டிசம்பரில் டப்ளினில் அபே அரங்கம் திறந்தது. பணம் போட்டவர் ஹார்னிமன், தேயிலை வணிகக் குடும்பத்து ஆங்கிலேயப் பெண்மணி. அயர்லாந்து தேசிய அரசியல் அவருக்கு ஆகவே ஆகாது. மற்ற அரங்குகளில் ஆறு பென்ஸுக்கு சீட் கிடைத்த ஊரில், இங்கே குறைந்தபட்சமே ஒரு ஷில்லிங். அதாவது இரண்டு மடங்கு! 1906ல்தான் இறங்கி வந்தார்கள். பெயர் என்னவோ 'தேசிய' அரங்கம்.

1907 ஜனவரி 26. சிஞ்சின் 'த ப்ளேபாய் ஆஃப் த வெஸ்டர்ன் வேர்ல்ட்' மேடையேறியது. அப்பனைக் கொன்றதாகச் சொல்பவனைக் கிராமமே கொண்டாடும் கதை. பெண்ணின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல் வந்ததும் அரங்கில் கூச்சல். அந்தச் சொல் ஒரு சாக்குதான். ஐரிஷ்காரன் காட்டான், தன்னைத்தானே ஆளத் தெரியாதவன் என்று லண்டன் மேடைகள் காலங்காலமாகக் கேலி செய்திருந்தன. சுயாட்சி கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதே கேலி சொந்த மேடையிலும் வந்தால் எப்படி இருக்கும்?

நிர்வாகம் என்ன செய்தது? பிரிட்டிஷ் ஆட்சியின் போலீஸைக் கூப்பிட்டது! நாடகத்துக்கு ஆதரவாக வந்த டிரினிட்டி கல்லூரி மாணவர்கள் பிரிட்டிஷ் மன்னர் வாழ்த்தைப் பாடினார்கள். நாட்டுக்காக உயிரைக் கொடு என்று 1902ல் நாடகம் போட்ட யேட்ஸ், கைதானவர்களுக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொன்னார். இதற்குப் பிறகும் இது கலைக்கும் அறியாமைக்கும் நடந்த சண்டை என்றால் எப்படி?

கத்தியவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பிடிக்காத நாடகத்தை அடுத்தவன் காதிலும் விழாமல் செய்வது அராஜகம்தான். நல்ல குடியானவனை மட்டும்தான் காட்டணும் என்றால் அது நாடகமில்லை, விளம்பரம்.

ஆனால் 1926ல் ஓ'கேஸியின் நாடகத்தை எதிர்த்த ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனை என்ன சொல்வீர்கள்? 1916 எழுச்சியின்போது விசாரணையே இல்லாமல் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்றவரின் மனைவி. அந்த எழுச்சியைத்தான் ஓ'கேஸி மேடையில் விமர்சித்தார். அவரோடு பொது மேடையில் நேருக்கு நேர் வாதாடினார் ஹன்னா. அவரும் கும்பலா?

1907 பிப்ரவரி 4ல் யேட்ஸும் அரங்கிலேயே விவாதக் கூட்டம் வைத்தார். அதை முதலில் வைத்துவிட்டுப் போலீஸைப் பற்றி யோசித்திருக்கலாம் இல்லையா? சிஞ்சை அப்போது கண்டித்த பியர்ஸ் பின்னாளில் கருத்தை மாற்றிக்கொண்டார். அவரை மாற்றியது லத்தி இல்லை.

எதிர்ப்பவனை எல்லாம் ரசனை கெட்டவன் என்பது ரொம்ப சுலபம். பதில் சொல்லத்தான் கஷ்டம். நண்பா, உன் பதில் என்ன?