பெயர் மட்டும் போதாது, செடியும் வேண்டும்

காட்டில் பிடித்த தத்துப்பூச்சி ஒன்றைப் புதிய சிற்றினம் என்று நிறுவிப் பெயர் சூட்டிவிட்டால், பணி முடிந்ததாகக் கருதுவது நம் துறையின் வழக்கம். என் கருத்து வேறு. அப்பூச்சி எந்தச் செடியின் சாற்றை உண்டு வாழ்கிறது என்பது தெரியாதவரை, நாம் செய்திருப்பது பாதி வேலைதான்.

அந்தப் பாதியும் எளிதன்று. உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தத்துப்பூச்சிச் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பலவற்றை நிறத்தாலும் அளவாலும் பிரித்தறிய முடியாது. ஆண் பூச்சியின் வயிற்றுப்பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தெளிவாக்கி, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வர இயலும். பெண் பூச்சிகளும் இளம்பூச்சிகளும் பெரும்பாலும் பெயரின்றிப் பெட்டிகளில் கிடக்கின்றன.

மறுபாதியின் நிலை என்ன? உகாண்டாவின் கிபாலே மழைக்காட்டில் 2018-இல் கிடைத்த ஒரு தத்துப்பூச்சி, 2022-இல் ஃப்லோகிஸ் கிபாலென்சிஸ் என்று பெயர் பெற்றது. அப்பேரினம் அதற்குமுன் கடைசியாக 1969-இல், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பதிவானது. அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த அரிய செய்தி அது. ஆயினும் அறிவிப்பு வெளியானபோது அதன் உணவுச்செடி எதுவென்று தெரியவில்லை.

நம் நாட்டிலும் இதே நிலைதான். நெல்லின் பச்சைத் தத்துப்பூச்சியைப் பற்றியும் மாமரத் தத்துப்பூச்சியைப் பற்றியும் நிறைய அறிவோம். அவை நம் பயிரைத் தாக்குவதால். காட்டுச் சிற்றினத்தின் குறிப்புச்சீட்டிலோ ‘மேற்குத் தொடர்ச்சி மலை, விளக்குப்பொறி’ என்று மட்டும் இருக்கும். சுமார் 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள மலைத்தொடரில் சோலைக்காடும், ஜாதிக்காய்ச் சதுப்புக் காடும், காப்பித் தோட்டமும் அடக்கம். எதிலிருந்து வந்தது அப்பூச்சி? விளக்கு பூச்சியை ஈர்க்கிறது. அது அமர்ந்திருந்த மரத்தைக் காட்டுவதில்லை.

‘அரியது’ என்ற சொல்லும் இதனால் ஐயத்துக்குரியதாகிறது. மர உச்சியில் வாழும் பூச்சி தரையில் வீசும் வலைக்கு எட்டாது. காட்டில் அரியதா, நம் வலையில் அரியதா என்று செடி தெரிந்தால்தான் சொல்லலாம். ஒரு காட்டுத்துண்டை அழிக்கும் திட்டம் வரும்போது, ‘இப்பூச்சி இங்கு உள்ளது’ என்பதைவிட ‘இம்மரம் போனால் இப்பூச்சியும் போகும்’ என்பதே வலுவான சான்று.

காலமும் பணமும் இல்லை என்பீர்கள், உண்மைதான். புதிய பெயர்களின் எண்ணிக்கையே ஆய்வாளரின் மதிப்பாகிவிட்ட சூழலில், செடியைத் தேடி மீண்டும் காடேறுபவருக்கு என்ன பலன்? ஆகவே மாற்றம் மேலிருந்து வர வேண்டும். வகை மாதிரியைப் பாதுகாப்பகத்தில் ஒப்படைக்க 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் கூறுகிறது. அம்மாதிரியோடு, கிடைத்தவிடத்தெல்லாம், உணவுச்செடியின் ஒரு கிளையையும் ஹெர்பேரியத்தில் சேர்க்குமாறு நெறியாளர்களும் ஆய்விதழ்களும் கேட்கட்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இளம்பூச்சிகளைக் கண்டால், அவை அமர்ந்த செடியோடு கூண்டிலிட்டு வளர்த்துப் பாருங்கள். முதிர்ந்து வரும் ஆண் பூச்சி பெயரைச் சொல்லும். செடி அதன் முகவரியைச் சொல்லும்.