நீங்க எந்தக் கட்சி?

மதுரையில் கரை வேட்டி கட்டியவரிடம் யாரும் கட்சியைக் கேட்பதில்லை. கரையில் கறுப்பு சிவப்பு மட்டுமா, நடுவில் வெள்ளையும் உண்டா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மற்றவர்கள் டீக்கடையில் எதையாவது குறை சொன்னால்தான் சிக்கல். "அண்ணே, நீங்க எந்தக் கட்சி?" என்று அடுத்த கேள்வி வரும்.

உடனே சொல்லிவிட வேண்டுமா? இந்தப் பக்கத்தில் கட்சிப் பெயரை வைத்தே சாதியையும் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. போட்டுவிட்டால் நீங்கள் சொல்லவந்தது காதில் ஏறாது.

மேலூர் டங்ஸ்டன் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் எடுத்தது 2024 நவம்பரில் தெரியவந்தது. பல்லுயிர் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியும் அந்தச் சுரங்கப் பகுதிக்குள் வந்தது. டிசம்பர் 9-ல் சட்டமன்றத்தில் திமுக அரசு கொண்டுவந்த எதிர்ப்புத் தீர்மானத்தை அதிமுகவும் ஆதரித்தது. 2025 ஜனவரி 7-ல் விவசாயிகள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். பாஜகவினர் ஊர்க்காரர்களை டெல்லிக்கு அழைத்துப் போனார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. கண்மாய், மலை, விளைநிலம் பற்றி மட்டும் பேசியவரை, எந்தக் கட்சி என்று கேட்க அங்கே அவசியமே இருக்கவில்லை.

ரத்தானது யாரால் என்ற பேச்சு தொடங்கியதும் நிலைமை மாறியது. மாநில அரசு உறுதியாக நின்றதாலா, மத்திய அரசு இறங்கிவந்ததாலா? இங்கே பேசுகிறவர் தன் கட்சியைச் சொல்லிவிட்டுப் பேசுவதே முறை. யாருக்குப் பெருமை சேர்க்கிறார் என்று தெரிந்தால்தானே கேட்பவர் எடைபோட முடியும்? ஓட்டுக் கேட்கும்போதும் அப்படித்தான். வகுப்பில் பிள்ளைகளுக்கு அரசியல் விளக்கும் ஆசிரியர் தன் சாய்வைச் சொல்லாமல் பாடத்தில் கலப்பது இன்னும் மோசம்.

சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. கட்சியின் பூத் கமிட்டியில் ஒருவர் பெயர் இருக்கும். ஆனால் "நான் நடுநிலைங்க" என்றுதான் ஆரம்பிப்பார். (இப்படி ஆரம்பிப்பவர்களில் பாதிப்பேர் நடுநிலை இல்லை என்பது என் சந்தேகம்.) அதைவிட, "முதல்ல விஷயத்தைப் பேசுவோம்ணே, கட்சியை அப்புறம் சொல்றேன்" என்பது நேர்மையான பதில், அப்புறம் சொல்வதாக இருந்தால். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது தனிக் கேள்வி. அதைச் சொல்லச்சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை, சொந்த மச்சானுக்கும்கூட.