பக்கத்து வீட்டு நாயும் பக்கத்து வீட்டாரின் உரிமையும்





மதிலுக்கு அப்பால் நாய் வளர்க்கும் அயலவர் வாய்த்துவிட்டால் நம்மில் பலருக்கு நிம்மதி போய்விடுகிறது. ஸுபஹுக்கு எழும்பினால் ஒரே குரைப்பு. மதரஸாவுக்குப் போகும் பிள்ளை கேற்றைத் திறக்கப் பயந்து நிற்கிறது. வளவுக்குள் நாய் புகுந்து கொடியில் காயப்போட்ட தொழுகை உடுப்பை இழுத்துப் போடுகிறது. கணவர் கட்டாரிலோ சவூதியிலோ தொழில் செய்ய, பிள்ளைகளோடு தனியே இருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால், இந்தத் தொல்லையை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்பதில்தான் நமது மார்க்கம் வெளிப்படுகிறது.

முதலில் நஜீஸ் பற்றிய சட்டத்தைத் தெளிவாக விளங்கிக் கொள்வோம். நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாய் கடும் நஜீஸ் ஆகும். அதன் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். நாயும் காய்ந்திருந்து, நமது உடுப்பும் காய்ந்திருந்தால், உரசிச் சென்றதனால் மட்டும் நஜீஸ் ஏற்படுவதில்லை. நாய் முற்றத்தில் நடந்திருக்குமோ, படியில் படுத்திருக்குமோ என்ற சந்தேகத்துக்காக வீடு முழுவதையும் கழுவிக் கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. சந்தேகத்தால் உறுதி நீங்குவதில்லை என்பது பிக்ஹின் அடிப்படை விதி. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நாய்கள் பள்ளிவாசலுக்குள் வந்து போவதுண்டு, அதற்காகத் தண்ணீர் தெளிக்கப்பட்டதில்லை என்று இப்னு உமர் (ரழி) அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது.

நாய் நஜீஸ் என்பதால் அது வெறுப்புக்கும் சித்திரவதைக்கும் உரிய பிராணி என்று நம் பிள்ளைகள் எண்ணி வளர்கிறார்கள். கல்லெறிவதை நாமும் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறோம். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்பது நாம் எல்லோரும் கேட்டிருக்கும் ஹதீஸ். குகைவாசிகளின் வரலாற்றைக் கூறும் ஸூரத்துல் கஹ்பில், வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயையும் அல்லாஹ் குறிப்பிடுகிறான். வேட்டைக்கும் மந்தைக்கும் பயிருக்கும் நாய் வைத்திருக்க நமக்கே அனுமதி உண்டு. ஆகவே, அசுத்தத்திலிருந்து ஒதுங்குவது ஒன்று. உயிரை வதைப்பது வேறொன்று.

இனி அயலவருக்கு வருவோம். ஸூரத்துன் நிஸாவின் 36ஆவது வசனத்தில் உறவினரான அயலவரையும் அந்நியரான அயலவரையும் அல்லாஹ் தனித்தனியே குறிப்பிட்டு, இருவருக்கும் நன்மை செய்யுமாறு ஏவுகிறான். முஸ்லிமல்லாத அயலவரும் இதில் அடங்குவர் என முபஸ்ஸிர்கள் விளக்கியிருக்கிறார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அயலவருக்குப் பங்கு கொடுத்தீர்களா என்றே அவர் விசாரித்தார். நாய் வளர்ப்பதால் அயலவருக்குரிய ஹக்கு இல்லாமற் போய்விடாது.

இதற்காக நீங்கள் வாய்மூடிச் சகித்துக் கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அயலவரின் தொல்லையைப் பற்றி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். முதலில் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். மீண்டும் இரண்டு மூன்று முறை வந்தபோது, வீட்டுச் சாமான்களை எடுத்து வீதியில் வைக்கும்படி கூறினார்கள். வழியால் போனவர்கள் காரணம் கேட்டு அந்த அயலவரைக் கண்டித்தார்கள். அவர் ஓடி வந்து, வீட்டுக்குத் திரும்பிச் செல்லுங்கள், இனித் தொல்லை தரமாட்டேன் என்றார். அபூதாவூதில் உள்ள இந்தச் சம்பவத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பொறுமை. பிறகு, கைகலப்பும் ஏச்சும் இல்லாமல் ஊரார் அறிய நியாயம் கேட்பது.

நாம் செய்வதோ தலைகீழ். நாய்க்காரரோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். தெரு முழுவதும் அவரைப் பற்றிப் பேசியிருப்போம். அழுது கொண்டே வெளிநாட்டிலுள்ள கணவருக்கு வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்புவோம். தூரத்திலிருக்கும் மனிதர் வேறென்ன செய்வார்? கோபத்தில் அயலவருக்குத் தொலைபேசி எடுத்து ஏசுவார். அல்லது தம்பியை அனுப்பி வைப்பார். அன்றோடு அந்த மதில் இரண்டு மடங்கு உயர்ந்துவிடும்.

நேரே போய்ப் பேசுங்கள். குரைக்கும்போது கோபத்தோடு போகாமல், மனம் ஆறிய பிறகு, முடிந்தால் மாமியையோ மூத்த ராத்தாவையோ கூட்டிக் கொண்டு போங்கள். "நாயை விரட்டுங்கள்" என்று கேட்டால் அவர் நிச்சயம் மறுப்பார். அவரால் செய்யக் கூடியதைக் கேளுங்கள். "அக்கா, சின்னவன் மதரஸாவுக்குப் போற நேரம் மட்டும் நாயைக் கட்டி வைக்க ஏலுமா? எங்களுக்கு அது பட்டால் தொழுகைக்கு ஏழு முறை கழுவ வேணும்" என்று காரணத்தையும் சொல்லுங்கள். நமது சட்டம் தெரியாததால் நாம் தம்மை அருவருக்கிறோம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அவர்களுக்கும் நம்மிடம் சொல்ல ஒரு குறை இருக்கக் கூடும்: இரவில் நமது வீட்டு வைபவத்தின் ஒலிபெருக்கி, குர்பான் காலத்தில் வடிகானில் ஓடும் இரத்தம். அதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

பேசியும் பலனில்லாவிட்டால் சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் நாயை உள்ளூராட்சி சபையில் பதிவு செய்வதும், விசர்நாய்த் தடுப்பூசி போடுவதும் உரிமையாளரின் கடமை. நடந்தவற்றைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தடுப்பூசி பற்றிய சந்தேகத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். கிராம சேவகரிடம் முறையிடலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகள் இத்தகைய அயல் பிணக்குகளுக்கு மிகப் பொருத்தமானவை. அங்கே சட்டத்தரணி வேண்டியதில்லை. இரு தரப்பும் உட்கார்ந்து இணக்கத்துக்கு வரலாம்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சண்டைக்குப் போக முன்னர் காயத்தைப் பாருங்கள். சவர்க்காரமிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சளோ கோப்பித்தூளோ பூசாதீர்கள். தாமதியாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். ஊசி அவசியமா என்பதை டொக்டர் முடிவு செய்யட்டும். விசர்நாய் நோய் தலைகாட்டிய பிறகு அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். அது எப்படி இருக்கிறது என்று தொடர்ந்து பார்ப்பதும் சிகிச்சைக்கு உதவும்.

கடைசியாக, சொல்லவே தயக்கமான ஒன்று. தொல்லை தாங்காமல் இறைச்சித் துண்டில் நஞ்சு வைப்பவர்கள் இருக்கிறார்கள். இது பாவம், சட்டப்படி குற்றம். அந்த இறைச்சியை எவருடைய பிள்ளை எடுக்கும், எவருடைய பூனை தின்னும் என்பது வைத்தவருக்கே தெரியாது. அதன் பிறகு அந்த வீட்டாரின் கண்களில் நாம் எல்லோரும் நஞ்சு வைத்தவர்களே. 2014 ஜூனில் அளுத்கமையிலும் 2018 மார்ச்சில் திகனையிலும், வீதியில் சிலருக்கிடையில் ஏற்பட்ட தகராறு எப்படிப் பற்ற வைக்கப்பட்டு வீடுகளும் கடைகளும் எரிந்தன என்பதை நாம் மறக்கவில்லை. நெருப்பு வைக்கக் காத்திருப்பவர்களின் கையில் நாமே தீக்குச்சியைக் கொடுக்கலாமா?

இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்று, நாவினால் அயலவரை நோவித்த ஒரு பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டபோது, அவள் நரகத்துக்குரியவள் என்றார்கள். அதிகம் தொழாவிட்டாலும் அயலவரை நோவிக்காத பெண்ணைச் சுவர்க்கத்துக்குரியவள் என்றார்கள். நாயின் ஈரம் பட்ட உடுப்பை ஏழு முறை கழுவினால் சுத்தமாகிவிடும். அயலவரின் மனதில் நமது நாவு ஏற்படுத்திய காயத்தை எத்தனை முறை கழுவுவது?

அயலவரின் தீங்கிலிருந்து நம்மையும், நமது தீங்கிலிருந்து அயலவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.